ஆள் எடுப்பதில் பாகுபாடு: ஆணையம் எதற்கு, எப்படிப்பட்ட ஆணையம்?

"தன் காசைப் போட்டுத் தொழில் நடத்துகிறவர் யாரை வேலைக்கு எடுக்கிறார் என்பதை ஓர் அரசு அமைப்பு ஏன் கண்காணிக்க வேண்டும்? பாகுபாடு நடந்தால் பாதிக்கப்பட்டவரே வழக்குப் போடலாமே" என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மதம், நிறம், பால், சாதி போன்றவற்றைப் பார்த்து ஒருவருக்கு வேலை மறுப்பதைச் சட்டம் தடுக்க வேண்டுமா என்பது ஒன்று. தடுப்பதானால் அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை யாரிடம் கொடுப்பது என்பது மற்றொன்று. முதல் கேள்வியை நான் நீட்டப்போவதில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 111ஆம் உடன்படிக்கை 1958லேயே அதற்குப் பதில் சொல்லிவிட்டது. 170க்கும் மேற்பட்ட நாடுகள் அதை ஏற்றிருக்கின்றன. நீங்கள் உண்மையில் கேட்பது இரண்டாவதை: நீதிமன்றம் இருக்கும்போது ஆணையம் எதற்கு? ஆணையம் தேவை என்பதே என் பதில். ஆனால் புகார் வரட்டும் என்று காத்திருக்கிற ஆணையம் ஆள் எடுக்கும் விஷயத்தில் பெரிதாக எதையும் சாதிக்காது. இந்த இரண்டாவது பாதியைத்தான் பலரும் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

வேலையிலிருந்து நீக்கப்பட்டவரையும் வேலை கிடைக்காதவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீக்கப்பட்டவருக்குத் தன் மேலாளரைத் தெரியும், தன்னோடு வேலை பார்த்தவர்களைத் தெரியும், தன் இடத்துக்கு யார் வந்தார் என்பதும் தெரிந்துவிடும். சம்பளச் சீட்டு, மின்னஞ்சல், பழைய மதிப்பீட்டு அறிக்கை எல்லாம் கையில் இருக்கும். விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தவருக்கு வருவது இரண்டு வரிக் கடிதம். பல சமயம் அதுவும் வராது. எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், யார் அழைக்கப்பட்டார்கள், எதை வைத்து மதிப்பெண் போட்டார்கள் என்பதில் எதுவும் அவருக்குத் தெரியாது. தனக்கு அநீதி நடந்ததா என்பதே தெரியாதவர் எப்படி வழக்குப் போடுவார்? அமெரிக்காவில் ஜான் டோனஹியூ, பீட்டர் சீகல்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 1991இல் காட்டியது இதைத்தான். 1966இல் அந்நாட்டுச் சம வேலைவாய்ப்பு ஆணையத்துக்கு வந்த புகார்களில், ஆள் எடுப்பது பற்றியவை பணிநீக்கம் பற்றியவற்றைவிட ஒன்றரை மடங்கு இருந்தன. 1985இல் பணிநீக்கப் புகார்கள் ஆறு மடங்குக்கு மேல் முந்திவிட்டன. ஆள் எடுப்பதில் பாகுபாடு அந்த அளவுக்கு ஒழிந்துவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. "இந்த நிறத்தவர் விண்ணப்பிக்க வேண்டாம்" என்று விளம்பரத்திலேயே அச்சிட்ட காலம் போய், காரணம் சொல்லாமல் ஒதுக்கும் காலம் வந்தது. புகாருக்கு வழியில்லாமல் போயிற்று.

பாகுபாடு இன்னும் இருக்கிறது என்பதை எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு நம்பகமான ஒரு சோதனை முறை உண்டு. தகுதி சமமான இரண்டு விண்ணப்பங்களைத் தயாரித்து, பெயரை மட்டும் மாற்றி, ஒரே விளம்பரத்துக்கு அனுப்பிப் பார்ப்பது. இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் சந்தேகம் வரும். ஆகவே படிப்பும் அனுபவமும் சமமாகவும் வார்த்தைகள் வேறாகவும் இருக்க வேண்டும். எந்தப் பெயர் எந்த விண்ணப்பத்தில் வருகிறது, எது முதலில் போகிறது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்க வேண்டும். இல்லாவிட்டால் பெயரின் விளைவையும் விண்ணப்பத்தின் தரத்தையும் பிரிக்க முடியாது. பெர்ட்ராண்டும் முல்லைநாதனும் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் 1,300க்கும் மேற்பட்ட விளம்பரங்களுக்கு ஏறக்குறைய 5,000 விண்ணப்பங்கள் அனுப்பி 2004இல் வெளியிட்ட முடிவு இது: வெள்ளையர் பெயர் என்றால் பத்து விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பு, கறுப்பினத்தவர் பெயர் என்றால் பதினைந்துக்கு ஒன்று. இந்தியாவில் தோரட்டும் அட்வெல்லும் தனியார் வேலை விளம்பரங்களில் இதே முறையைக் கையாண்டு 2007இல் வெளியிட்டார்கள். தலித், முஸ்லிம் பெயர்களுக்கு அழைப்பு குறைந்தது. 1989க்குப் பிறகு அமெரிக்காவில் நடந்த இத்தகைய களச் சோதனைகள் 24ஐ ஒன்றுசேர்த்து 2017இல் வெளிவந்த ஆய்வு, கறுப்பினத்தவர் விஷயத்தில் இடைவெளி 25 ஆண்டுகளில் குறையவில்லை என்றது. இந்தச் சோதனைக்கு ஓர் எல்லையும் உண்டு. இது அழைப்பை அளக்கிறதே தவிர, வேலை கிடைத்ததா, எந்தச் சம்பளத்தில் என்பதை அளப்பதில்லை.

என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையில் அண்மைக்காலத்தின் மிக முக்கியமான ஆய்வு கிளைன், ரோஸ், வால்டர்ஸ் மூவரும் 2022இல் வெளியிட்டது. 108 பெரிய நிறுவனங்களுக்கு ஏறக்குறைய 83,000 விண்ணப்பங்கள். ஒரு நிறுவனத்துக்கு ஆயிரம் வரை. ஏன் அத்தனை என்றால், பத்துக்கு ஒன்று, பதினைந்துக்கு ஒன்று என்ற அளவு வித்தியாசத்தைத் தற்செயல் இல்லை என்று காட்டவே ஒவ்வொரு பிரிவிலும் ஆயிரம் விண்ணப்பம் வேண்டியிருக்கும். ஒரு நிறுவனத்துக்கு ஒரே ஒரு ஜோடி விண்ணப்பம் அனுப்பிவிட்டு "மாட்டிக்கொண்டார்கள்" என்று சொல்ல முடியாது. அவர்கள் கண்டது: இடைவெளி எல்லா நிறுவனங்களிலும் பரவிக் கிடக்கவில்லை. மோசமான ஐந்தில் ஒரு பங்கு நிறுவனங்களில்தான் மொத்த இடைவெளியில் ஏறக்குறைய பாதி இருந்தது. ஆணையத்தின் தேவைக்கு இதைவிட வலுவான வாதம் எனக்குத் தெரியவில்லை. நோய் எங்கே குவிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியுமானால், எல்லா முதலாளிகளையும் தொந்தரவு செய்யாமல் அங்கே மட்டும் போய்ப் பார்க்கலாம். ஆயிரம் விண்ணப்பம் அனுப்பிப் பார்க்கத் தனிமனிதரால் முடியுமா?

சந்தையே இதைச் சரிசெய்துவிடும் என்ற வாதம் நேர்மையான வாதம்தான். திறமைசாலியைப் பாகுபாட்டால் விடுகிறவர் நஷ்டப்படுவார், பாகுபாடு காட்டாத போட்டியாளர் அவரை முந்துவார் என்று பொருளியலாளர் கேரி பெக்கரின் 1957ஆம் ஆண்டு ஆய்விலிருந்து கிளம்பிய வாதம் அது. ஆனால் வாடிக்கையாளருக்கே அந்த வெறுப்பு இருந்தால் சந்தை பாகுபாட்டுக்குப் பரிசுதான் கொடுக்கும். அதோடு வரலாறு ஒன்று இருக்கிறது. தென் கரோலினா மாநிலத்து நெசவாலைகளில் கறுப்பினத் தொழிலாளர் பங்கு, போர்கள், மந்தம், ஆள் தட்டுப்பாடு எல்லாவற்றையும் கடந்து அரை நூற்றாண்டு அசையாமல் கிடந்தது. பாகுபாட்டைத் தடைசெய்த 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம் நடைமுறைக்கு வந்த 1965இலிருந்து அது செங்குத்தாக ஏறியது. ஹெக்மனும் பெய்னரும் 1989இல் இதை ஆராய்ந்து, மற்ற விளக்கங்களைச் சோதித்துவிட்டு, மத்திய அரசின் நடவடிக்கையே முக்கியக் காரணம் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

சரி, ஆணையம் உள்ளே போய் எதைப் பார்க்கும்? முதலில் ஆவணங்கள்: விளம்பரம், விளம்பரத்துக்கு முன்பே எழுதிவைத்த தகுதி நிபந்தனை, வந்த எல்லா விண்ணப்பங்கள், மதிப்பெண் தாள், நேர்காணல் குறிப்பு, ஒவ்வொருவரையும் விட்ட காரணம், முடிவெடுத்தவர் பெயர். அமெரிக்க விதிப்படி இவற்றைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும். புகார் வந்துவிட்டால் அது முடியும் வரை. தகராறுகள் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன. நேர்காணல் முடிந்த பிறகு நிபந்தனையை எழுதுகிறார்கள். எல்லோருக்கும் ஒரே மதிப்பெண் போட்டுவிட்டு, கடைசியில் "எங்கள் குழுவுக்குப் பொருந்தமாட்டார்" என்று ஒரு வரி எழுதுகிறார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் எதுவும் இருக்கலாம் என்பதால்தான் விசாரிப்பவர் அதன்மேல் கை வைக்கிறார்.

அடுத்தது எண்ணிக்கை. 1978இல் அமெரிக்க அமைப்புகள் சேர்ந்து கொண்டுவந்த ஐந்தில் நான்கு பங்கு விதி எளிமையானது. 200 ஆண்கள் விண்ணப்பித்து 60 பேர் தேர்வானால் 30 விழுக்காடு. 100 பெண்கள் விண்ணப்பித்து 18 பேர் தேர்வானால் 18 விழுக்காடு. 18ஐ 30ஆல் வகுத்தால் 0.6. இது 0.8க்குக் கீழே இருப்பதால் விளக்கம் கேட்கலாம். விளக்கம் கேட்கலாம் என்பதோடு சரி. குற்றம் நிரூபணமாகிவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 10 ஆண்களில் 3, 10 பெண்களில் 2 என்றாலும் விகிதம் 0.67 வரும், ஆனால் வித்தியாசம் ஒரே ஓர் ஆள். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இதற்கு நேரெதிர்த் தவறும் உண்டு. விளம்பரமே இல்லாமல், வேலை பார்க்கிறவர்களின் சொந்தபந்தம் வழியாக மட்டும் ஆள் எடுக்கும் இடத்தில் விண்ணப்பதாரரே ஒரே கூட்டமாக இருப்பார்கள், விகிதம் பளிச்சென்று சுத்தமாகத் தெரியும். அங்கே விண்ணப்பதாரரோடு ஒப்பிடாமல், அந்த வேலைக்குத் தகுதியுள்ளவர்கள் அந்த வட்டாரத்தில் எத்தனை பேர் என்பதோடு ஒப்பிட வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1977இல் ஹேசல்வுட் பள்ளி மாவட்ட வழக்கில் இந்த ஒப்பீட்டைத்தான் வலியுறுத்தியது. அதே நீதிமன்றம் 1971இல் கிரிக்ஸ் வழக்கில் இன்னொரு வாசலையும் திறந்தது: வேலைக்குத் தொடர்பில்லாத பள்ளிச் சான்றிதழையும் பொதுவான அறிவுத்திறன் சோதனையையும் நிபந்தனையாக வைத்து, அதனால் ஒரு பிரிவினர் பெருமளவு வடிகட்டப்பட்டால், கெட்ட எண்ணம் இல்லாவிட்டாலும் அது சட்டவிரோதம்.

பாதிக்கப்பட்டவர் என்று யாரையும் சுட்டிக்காட்ட முடியாத வழக்கும் உண்டு. பெல்ஜியத்தில் கதவு பொருத்தும் ஃபெரின் என்ற நிறுவனத்தின் இயக்குநர், வாடிக்கையாளர்கள் வீட்டுக்குள் விடத் தயங்குவதால் புலம்பெயர்ந்த பின்னணி உள்ளவர்களை எடுப்பதில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். வேலை மறுக்கப்பட்டதாக யாரும் வரவில்லை. வருவார்களா, விண்ணப்பிக்கவே மாட்டார்களே! அந்நாட்டுச் சமத்துவ அமைப்பு வழக்குப் போட்டது. அந்தப் பேச்சே நேரடிப் பாகுபாடு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. அமைப்பு ஒன்று இல்லாமல் அந்த வழக்கு பிறந்தே இருக்காது. இதற்கு மறுபக்கமாக 2012இல் அதே நீதிமன்றத்தின் இன்னொரு தீர்ப்பு: ஜெர்மனியில் இருமுறை விண்ணப்பித்தும் நேர்காணலுக்குக்கூட அழைக்கப்படாத ஒரு பெண் பொறியாளர், அந்த வேலைக்கு யாரை எடுத்தீர்கள் என்று கேட்டார். அதைச் சொல்ல வைக்கும் உரிமை விண்ணப்பதாரருக்கு இல்லை, ஆனால் எந்தத் தகவலும் தர மறுப்பதை ஓர் அறிகுறியாகக் கணக்கில் எடுக்கலாம் என்றது நீதிமன்றம். தனியாக வழக்காடுகிறவர் முட்டிக்கொண்டு நிற்கும் சுவர் இது. ஆவணத்தைக் கட்டாயமாகக் கேட்டு வாங்கும் அதிகாரம் பொது அமைப்புக்கு இருந்தால்தான் இதைத் தாண்ட முடியும்.

ஆணையம் வைத்துவிட்டால் எல்லாம் நடந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் சம வேலைவாய்ப்பு ஆணையம் 1965இல் தொடங்கியபோது சமரசம் பேசும் அதிகாரம் மட்டுமே அதற்கு இருந்தது. தானே வழக்குத் தொடுக்கும் அதிகாரம் 1972இல்தான் வந்தது. அதற்குள் புகார்கள் குவிந்து, 1970களின் நடுவில் தேக்கம் லட்சத்தைத் தாண்டியது. தேக்கத்தைக் குறைக்க அடுத்து வந்த தலைமை சீக்கிரச் சமரசத்தில் இறங்கியது. கோப்பு மூடப்பட்டது, அந்த நிறுவனம் ஆள் எடுக்கும் முறை மட்டும் அப்படியே இருந்தது என்று அப்போதே விமர்சனம் எழுந்தது. ஆண்டுக்கு எத்தனை கோப்பு மூடினோம் என்பதை அளவுகோலாக வைக்கும் எந்த ஆணையமும் இந்தக் குழியில்தான் விழும். தண்டத்தொகையும் முக்கியம். 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி இழப்பீடும் தண்டமும் சேர்த்து, 500 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்துக்குக்கூட ஒரு வழக்காளிக்கு உச்சம் 3 லட்சம் டாலர். அந்த எண்ணை இதுவரை யாரும் உயர்த்தவில்லை.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது வட அயர்லாந்தின் வழி. 1989ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து, பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் தனியார் நிறுவனம் ஒவ்வொன்றும் பதிவு செய்துகொண்டு, தன் தொழிலாளரில் கத்தோலிக்கர் எத்தனை, புராட்டஸ்டன்ட் எத்தனை என்று ஆண்டுதோறும் கணக்குக் கொடுக்க வேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை ஆள் எடுக்கும் முறையையே மறுபரிசீலனை செய்ய வேண்டும். ஒருவர் பதில் சொல்லாவிட்டால் படித்த பள்ளியை வைத்துக்கூட வகைப்படுத்தலாம். ஒதுக்கீடு கிடையாது, ஒரு பிரிவு குறைவாக இருந்தால் விளம்பரம் எங்கே போடுகிறாய், யாரைக் கேட்கிறாய் என்று பார்த்து இலக்கும் காலவரையறையும் வைப்பார்கள். 1990இல் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியிருந்த கத்தோலிக்கர் பங்கு இப்போது ஏறக்குறைய பாதி. மக்கள்தொகையும் அதே காலத்தில் மாறியதால் முழுப் பெருமையையும் சட்டத்துக்குக் கொடுக்க முடியாது. ஆனாலும் புகார்தாரர் ஒருவர் தைரியமாக முன்வர வேண்டும் என்ற நிலையை அது தாண்டியது. பிரான்சு போல இன அடிப்படையில் கணக்கெடுப்பதையே சட்டம் இறுக்கிப் பிடிக்கும் நாட்டில் இந்த வழி நடக்காது. அங்கே விண்ணப்பச் சோதனையை நீதிமன்றச் சான்றாக ஏற்கும் வழியைச் சட்டம் 2006இல் தேர்ந்தெடுத்தது.

இதுவரை சொன்னவற்றில் எனக்குத் தயக்கம் குறைவு. இனி வருபவற்றில் தயக்கம் உண்டு, உங்களுக்கும் இருக்கட்டும். நல்லெண்ணத்தில் போடும் விதி எதிர்விளைவு தரலாம். விண்ணப்பத்தில் குற்றப்பின்னணி கேட்கக் கூடாது என்ற விதியை நியூ ஜெர்சியிலும் நியூயார்க்கிலும் 15,000 விண்ணப்பங்களை வைத்து அகனும் ஸ்டாரும் சோதித்தார்கள். விதி வருவதற்கு முன் வெள்ளையர் பெயருக்கு 7 விழுக்காடு கூடுதலாக இருந்த அழைப்பு, வந்த பிறகு 43 விழுக்காடு கூடுதலாயிற்று. பின்னணி தெரியாதபோது முதலாளி நிறத்தை வைத்து ஊகித்துவிட்டார். பிரான்சில் பெயரை மறைத்த விண்ணப்ப முறையைச் சோதித்தபோது, சேர்ந்த நிறுவனங்களில் சிறுபான்மையினர் வாய்ப்பு குறைந்தது. தாமாக முன்வந்த நிறுவனங்கள் ஏற்கெனவே அவர்களுக்குக் கொஞ்சம் சாதகமாக நடந்துகொண்டவை. பெயர் மறைந்ததும் அந்தச் சாதகமும் போய்விட்டது. பாகுபாடு காட்டும் நிறுவனத்தில் அதே முறை நன்மை செய்திருக்கக்கூடும். மாற்றுத்திறனாளிகளுக்கான 1990ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் அவர்கள் வேலைவாய்ப்பைக் குறைத்ததா என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் பிரிந்தே நிற்கிறார்கள். ஆகவே ஆணையம் விதி போடுவதற்கு முன் சிறிய அளவில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மென்பொருள் வடிகட்டுவதும் இப்போது சேர்ந்துவிட்டது. அமெரிக்க ஆணையம் ஓர் இணையவழிப் பயிற்சி நிறுவனத்தின்மேல் போட்ட வழக்கில், 55 வயதைத் தொட்ட பெண்களையும் 60ஐத் தொட்ட ஆண்களையும் மென்பொருள் தானாகவே தள்ளிவிட்டது; 200க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். வெளிவந்தது எப்படி? ஒரு விண்ணப்பதாரர் பிறந்த தேதியை மட்டும் மாற்றி, இரண்டாவது முறை விண்ணப்பித்தார், அழைப்பு வந்தது. 2023இல் 3,65,000 டாலருக்கு வழக்கு முடிந்தது. மனித மனத்தைவிட மென்பொருளைச் சோதிப்பது எளிது, அதே விவரத்தை ஆயிரம் முறை ஊட்டிப் பார்க்கலாம். ஆனால் அதைத் திறந்து காட்டு என்று சொல்லும் அதிகாரம் யாரிடமாவது இருக்க வேண்டும்.

உங்கள் கேள்விக்குப் பின்னால் இருக்கும் அச்சத்தையும் நான் மதிக்கிறேன். விசாரிப்பவரே தீர்ப்பும் சொல்லக் கூடாது. ஆணையம் கண்டுபிடிக்கட்டும், முடிவை நீதிமன்றமோ தனித் தீர்ப்பாயமோ சொல்லட்டும். மிகச் சிறிய முதலாளியிடம் புள்ளிவிவரம் கேட்பது வீண். ஆண்டுக்கு இரண்டு பேர் எடுக்கும் இடத்தில் கணக்கு எதையும் காட்டாது, அங்கே ஆலோசனை போதும். அமெரிக்கச் சட்டம் 15 பேருக்குக் கீழ் உள்ளவர்களை விட்டுவிடுவது ஒரு வழி. அரசியல் காற்றுக்கு ஏற்ப ஆணையம் வளைவதும் உண்மையான ஆபத்து. 2025 சனவரியில் அமெரிக்க ஆணையத்தின் உறுப்பினர்கள் இருவர் பதவிக்காலம் முடியுமுன்பே நீக்கப்பட்டு, முடிவெடுக்கத் தேவையான எண்ணிக்கையே இல்லாமல் போயிற்று. அரசு ஒப்பந்ததாரர்கள் பாகுபாடு காட்டக் கூடாது என்று கட்டுப்படுத்திய 1965ஆம் ஆண்டு நிர்வாக உத்தரவும் அதே மாதம் ரத்தானது. நிர்வாக உத்தரவால் வந்தது நிர்வாக உத்தரவால் போகும். அதனால்தான் ஆவணம் வைத்திருக்கும் கடமை, உறுப்பினர் பதவிக்காலம், நிதி மூன்றையும் சட்டத்திலேயே எழுத வேண்டும் என்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் தனக்கே இப்படி நடந்திருக்குமோ என்று சந்தேகப்படுகிறவர்கள் இருக்கலாம். உங்கள் நாட்டுச் சட்டத்தைத் தெரிந்த வழக்கறிஞரிடம்தான் இறுதி ஆலோசனை கேட்க வேண்டும். நான் பொதுவாக மட்டுமே சொல்ல முடியும். காலக்கெடு குறுகியது; அமெரிக்காவில் 180 நாள், மாநில அமைப்பும் இருக்கும் இடத்தில் 300 நாள். விளம்பரம் இணையத்திலிருந்து மறைவதற்குள் தேதியோடு படம் எடுத்துவையுங்கள். அனுப்பிய விண்ணப்பத்தின் அதே பிரதியை வைத்திருங்கள். நேர்காணலில் திருமணம், பிள்ளை, மதம், சொந்த ஊர் பற்றிக் கேட்டிருந்தால், கேட்டவர் பெயரோடு அவர் பயன்படுத்திய வார்த்தைகளையே அன்றிரவே எழுதிவிடுங்கள். என்ன அளவுகோலில் விட்டீர்கள் என்று மரியாதையாக எழுத்தில் கேளுங்கள். அதே விளம்பரம் சில வாரம் கழித்து மறுபடி வருகிறதா என்றும் பாருங்கள். தகுதியுள்ளவரை விட்டுவிட்டு அதே தகுதிக்கு ஆள் தேடிக்கொண்டே இருந்தார்கள் என்பது, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1973ஆம் ஆண்டு மெக்டானல் டக்ளஸ் தீர்ப்பிலிருந்து, விளக்கம் சொல்லும் சுமையை முதலாளி பக்கம் திருப்பும் முக்கியமான அறிகுறிகளில் ஒன்று.